எட்டாம் வகுப்பு வரை காத்திருக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு பெண்கள் பள்ளியில் 21 வருடம் அறிவியல் எடுத்து, சென்ற ஆண்டு ஓய்வு பெற்றவள் நான். ‘வளரிளம் பருவமடைதல்’ எட்டாம் வகுப்புப் புத்தகத்தில் இருக்கிறது. நல்ல பாடம்தான். ஆனால் அதை நடத்த நான் போய் நிற்கும்போது, வகுப்பில் பாதிப் பேருக்குச் சடங்கு சுற்றி முடிந்திருக்கும். ஆறாவது, ஏழாவதிலேயே பிள்ளைகள் வயதுக்கு வந்துவிடுகிறார்கள்.

ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி ஒரு வாரம் பள்ளிக்கு வரவில்லை. திரும்பி வந்த அன்று மதியம் என் மேசைப் பக்கம் வந்து, நோட்டுக்குப் போட்டிருந்த பழுப்பு அட்டைக்குள்ளிருந்து நாலாக மடித்த ஸ்கேன் ரிப்போர்ட்டை எடுத்தாள். “எனக்கு நீர்க்கட்டியாம் டீச்சர். குழந்தையே பொறக்காதுன்னு அப்பாயி அழுவுறாங்க” என்றாள். வயது 12. பெரிய பிள்ளையாகி ஒன்பதே மாதம். நடுவில் ஒரு மாதம் மாதவிலக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

அந்த வயதில் அது சகஜம். மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியும் சினைப்பையும் சேர்ந்து ஒழுங்காக வேலை செய்யப் பழகவே ஓரிரு வருடம் ஆகும், சிலருக்கு மூன்று வருடம்கூட. அதுவரை சில மாதங்களில் கருமுட்டை வெளிவராது. வெளிவராவிட்டால் புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோன் போதுமான அளவு சுரக்காது, தேதி தள்ளிப்போகும். 21 நாளிலும் வரலாம், 45 நாளிலும் வரலாம். ஸ்கேனில் கட்டி மாதிரி தெரிபவை பெரும்பாலும் கருமுட்டை வளர்கிற சின்னப் பைகள்தான். வயதுக்கு வந்து எட்டு வருடம் ஆகாத பெண்ணுக்கு ஸ்கேனை வைத்து பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) என்று முடிவுகட்டக் கூடாது என 2018-லேயே சர்வதேச மருத்துவ வழிகாட்டுதல் சொல்லிவிட்டது.

நகைக்கடை காலண்டர் ஒன்றைக் கொடுத்து, வருகிற தேதியைச் சிவப்பு மையில் வட்டம் போட்டு வரச் சொன்னேன். அவள் அம்மாவையும் வரச்சொல்லி எல்லாவற்றையும் விளக்கினேன். அப்புறம், டாக்டரிடம் கட்டாயம் போக வேண்டியது எப்போது என்பதையும் சொன்னேன்: மூன்று மாதம் அடியோடு வராவிட்டால், ஏழு நாளைக்கு மேல் உதிரம் போனால், ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைந்தால், பள்ளிக்கே வர முடியாதபடி வலித்தால். 15 வயதாகியும் வயதுக்கு வராத பிள்ளையையும் காட்ட வேண்டும். “இதையெல்லாம் எனக்கு யாரும் சொன்னதில்லை டீச்சர்” என்றார் அந்த அம்மா. மகளுக்கு உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் ஒரு நாள் தவறாமல் கொடுத்தவர் அவர். அக்கறைக்குக் குறைவில்லை.

புதுயுகம் திட்டத்தில் பள்ளிக்கு நாப்கின் வருகிறது. எண்ணிக் கொடுத்து, கையெழுத்து வாங்கியதும் வேலை முடிந்தது என்று விட்டுவிடுகிறோம். அன்றைக்கே அரை மணி நேரம் ஒதுக்கி ஆறாம் வகுப்பிலிருந்து பேசலாமே. பள்ளியில் ஆசிரியை இல்லையென்றால் கிராம சுகாதார செவிலியரை அழைக்கலாம். ஜூனில் ஆறாம் வகுப்பு தொடங்கியதும் முதல் பெற்றோர் கூட்டத்தில் அம்மாக்களையும் அப்பாயிகளையும் உட்கார வைத்துச் சொல்லவும் கல்வித்துறை ஏற்பாடு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை,
மன்னார்குடி