குரலுக்குக் காசு கொடு, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய இரண்டு ஸ்பீக்கர் படங்களையும் பார்த்தேன். ஒன்றில் தரையில் வைக்கிற பெரிய பெட்டி, கூடவே கைக்குள் அடங்குகிற இரண்டு குட்டிப் பெட்டிகள். மற்றதில் மேசைமேல் வைக்கிற பெட்டி இரண்டே இரண்டு. பார்க்கச் சாதாரணமாக இருக்கிறது, விலை கொஞ்சம் கூடுதல். "எதும்மா வாங்கலாம்?" என்று ஒரே வரியில் கேட்டுவிட்டாய். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் உனக்கு வேலை வந்துவிடும், அதனால் எழுதுகிறேன். இரண்டாவதை வாங்கு. ஏன் என்று தெரிந்துகொண்டு வாங்கினால், அந்த மாடல் கிடைக்காமல் போனாலும் வேறொன்றை நீயே பார்த்து எடுத்துவிடுவாய்.

முதலில் அந்த அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிற வாட் கணக்கை ஒதுக்கி வை. பிஎம்பிஓ என்று போட்டு ஆயிரக்கணக்கில் ஒரு எண் இருந்தால் அதற்கு எந்த மதிப்பும் இல்லை. அதை அளக்கப் பொதுவான முறை என்று ஒன்று கிடையாது, ஆளாளுக்கு ஒரு கணக்கு. ஆர்எம்எஸ், அதாவது ஸ்பீக்கர் தொடர்ந்து தாங்கித் தரும் சக்தி, என்று போட்டிருப்பதை மட்டும் பார். அந்தப் பொடி எழுத்தில்தான் உண்மை இருக்கும். யூஎஸ்பி வயரிலேயே மின்சாரம் எடுக்கும் ஸ்பீக்கர் என்றால் கணக்கை நீயே போடலாம். சாதாரண யூஎஸ்பி 2 போர்ட் கொடுப்பது 5 வோல்ட், 500 மில்லி ஆம்பியர். பெருக்கினால் இரண்டரை வாட். அதற்குமேல் தொடர்ந்து அதிலிருந்து எப்படி வரும்?

இரண்டரை வாட் போதாதே என்று நீ நினைக்கலாம். மேசை முன்னால் உட்கார்ந்து கேட்பவனுக்கு எவ்வளவு குறைவாகத் தேவைப்படும் என்று தெரிந்தால் ஆச்சரியப்படுவாய். மேசைமேல் வைக்கிற சின்ன ஸ்பீக்கர்கள் ஒரு வாட் கொடுத்தாலே ஒரு மீட்டர் தூரத்தில் 80, 85 டெசிபெல் பக்கம் சத்தம் தரும் (டெசிபெல் என்பது சத்தத்தை அளக்கும் கணக்கு). நீ உட்கார்வது அதைவிடக் கிட்டே. நிம்மதியாகப் பாட்டுக் கேட்க 70, 75 டெசிபெல் தாராளம். பாட்டில் திடீரென்று ஓங்கி விழும் அடிகளுக்குத்தான் கூடுதல் வாட் கையிருப்பாக வேண்டும். இன்னொன்றும் சொல்கிறேன்: 10 வாட்டை 20 ஆக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபெல். காதுக்கு இருமடங்கு சத்தம் என்று தோன்ற வேண்டுமானால் சுமார் பத்து மடங்கு வாட் வேண்டும். 40 வாட்டா 50 வாட்டா என்று யோசித்து ராத்தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே.

சரி, வாட்டுக்குக் காசு கொடுக்க வேண்டாம் என்றால் எதற்குக் கொடுப்பது? குரலுக்கு. ஒலிப்பதிவுக் கூடத்தில் இத்தனை வருஷம் உட்கார்ந்தவள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். பாட்டில் நம் மனசைப் பிடிப்பதெல்லாம், பாடுகிறவர் இழுக்கும் மூச்சும் சொல்லின் விளிம்பும் வயலினின் தேய்ப்பும் புல்லாங்குழலின் காற்றும், ரொம்பக் கீழும் இல்லாத, ரொம்ப மேலும் இல்லாத நடுப்பகுதியில்தான் இருக்கின்றன. பழைய தொலைபேசி 300 ஹெர்ட்ஸிலிருந்து 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கொண்டுபோகும் (ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு, எண் கூடக்கூட ஸ்தாயி மேலே போகும்). அதிலேயே பேசுகிறவர் யார், அழுகிறாரா சிரிக்கிறாரா என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது அல்லவா? குறைந்த விலையில் எல்லாமே நன்றாக இருக்க முடியாது, ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும். அடியில் முழங்கும் பேஸை விட்டுக்கொடு, நடுவை விட்டுக்கொடுக்காதே.

நீ அனுப்பிய முதல் படத்தில் எனக்கு இருக்கும் வருத்தம் இதுதான். இரண்டு குட்டிப் பெட்டி, ஒரு பெரிய பெட்டி என்ற அந்த 2.1 வகையில், குட்டிப் பெட்டிகளுக்குள் அதிர்ந்து சத்தம் எழுப்புவது பெரும்பாலும் இரண்டு அங்குலக் கூம்பு. அதனால் கீழே இறங்கிப் பாட முடியாது. ஆகவே 150, 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை எல்லாம் தரையில் இருக்கும் பெரிய பெட்டியிடம், அதாவது சப்வூஃபரிடம், தள்ளிவிடுவார்கள். ஆண் குரலின் அடிச்சுருதி ஏறத்தாழ 85 முதல் 180 ஹெர்ட்ஸுக்குள் வரும். என்ன ஆகும் பார்: பாடகரின் உதடும் பல்லும் மேசைமேல், அவருடைய நெஞ்சு உன் கால்மாட்டில். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே என்றால் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதுக்கு அவ்வளவாகப் பிடிபடாது. 150 ஹெர்ட்ஸில் நன்றாகவே பிடிபடும். நல்ல 2.1 செட்டுகளும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஒரே பணத்தை மூன்று பெட்டிக்குப் பங்கு போட்டால் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு மிஞ்சும்? அப்புறம், சின்ன அறையில் அந்தப் பெரிய பெட்டி கேட்கும் இடம் உன் கால் நீட்டும் இடம்.

இரண்டாவது படத்தில் உள்ளதுபோல ஒவ்வொரு பெட்டியிலும் இரண்டு கூம்பு இருப்பதைப் பார்த்து எடு: கீழே மூன்றரை அல்லது நான்கு அங்குல வூஃபர் (கீழ், நடு ஸ்தாயிக்கு), மேலே சின்ன ட்வீட்டர் (உச்ச ஸ்தாயிக்கு). ஒற்றைக் கூம்பே எல்லாவற்றையும் வாசிக்கும் ஸ்பீக்கரில் உச்ச ஸ்தாயி நேர்கோட்டில் மட்டும் வரும். தலையைக் கொஞ்சம் நகர்த்தினால் ஜாலரா மங்கிவிடும். எடிஃபையர் ஆர்1280டி நான் சொல்லும் வகைக்கு நல்ல உதாரணம். 4 அங்குல வூஃபர், 13 மில்லிமீட்டர் ட்வீட்டர், இரண்டு பெட்டிக்கும் சேர்த்து 42 வாட் ஆர்எம்எஸ். பேஸ், ட்ரெபிள் (உச்ச ஸ்தாயி) இரண்டையும் திருகிச் சரிசெய்யலாம். பிரிசோனஸ் எரிஸ் 3.5 இன்னும் சின்னது, மூன்றரை அங்குலம். அதில் ஹெட்போன் துளை முன்பக்கமே இருப்பது ராத்திரி வேலை செய்கிறவனுக்கு வசதி. இரண்டுக்குமே கையில் காசு போதவில்லையென்றால் கிரியேட்டிவ் பெப்பிள் மாதிரி யூஎஸ்பி ஜோடி ஒன்றை வாங்கிக்கொள். ஒற்றைக் கூம்புதான், ஆனாலும் 45 டிகிரி மேலே பார்த்து இருப்பதால் சத்தம் நேரே முகத்துக்கு வரும். பேஸ் இராது, குரல் இருக்கும். அதோடு காத்திருந்து பணம் சேர்த்து அப்புறம் பெரியதற்குப் போகலாம்.

ஒரு எச்சரிக்கை. "20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்" என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதே. மனிதக் காதின் எல்லையை அப்படியே எடுத்து அட்டையில் அச்சடித்துவிடுகிறார்கள். பக்கத்தில் கூட்டல் கழித்தல் 3 டெசிபெல் என்பதுபோல, சத்தம் எவ்வளவு ஏறி இறங்கும் என்று ஒரு வரம்பு போட்டிருந்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள். மூன்றரை அங்குலக் கூம்பு 80 ஹெர்ட்ஸ் வரை ஒழுங்காக இறங்கினாலே பாராட்ட வேண்டும். பேஸ் கிட்டாரின் கடைசித் தந்தி 41 ஹெர்ட்ஸ், அதன் முழு உடம்பும் இந்த ஸ்பீக்கரில் கேட்காது. அதோடு சேர்ந்து ஒலிக்கும் மேல்சுரங்களை வைத்து மீதியைக் காதே நிரப்பிக்கொள்ளும்.

ப்ளூடூத் இருக்கிறதா என்று தேடி அதற்குக் கூடுதல் பணம் கொடுக்காதே. கம்ப்யூட்டர் கையெட்டும் தூரத்தில் இருக்கும்போது வயர் போதும். ப்ளூடூத்தில் சத்தம் கொஞ்சம் பிந்தி வரும், படம் பார்க்கும்போது உதடு ஒன்றும் குரல் ஒன்றுமாகப் போய்விடலாம். 3.5 மில்லிமீட்டர் ஜாக்கிலிருந்து ஸ்பீக்கரின் சிவப்பு வெள்ளைத் துளைகளுக்கு ஒரு சாதாரண வயர் இருந்தால் சரி.

இனி நான் அதிகம் சொல்ல விரும்புவது, வைக்கும் இடத்தைப் பற்றி. இதற்குக் காசே இல்லை, ஆனால் முக்கால்வாசிப் பேர் இதில்தான் கெடுத்துக்கொள்கிறார்கள். இரண்டு ஸ்பீக்கரையும் திரையின் இரண்டு பக்கமும், அவற்றுக்கு இடையே உள்ள தூரமும் ஒவ்வொன்றிலிருந்தும் உன் காதுக்கு உள்ள தூரமும் ஒன்றாக இருக்கும்படி வை. கயிறு ஒன்றை எடுத்து அளந்தாலே போதும். முகப்பைக் கொஞ்சம் உள்பக்கம் திருப்பு. ட்வீட்டர் உன் காது உயரத்தில் இருக்க வேண்டும். மேசைமேல் அப்படியே வைத்தால் அது உன் நெஞ்சைப் பார்த்துப் பாடும். தடித்த புத்தகங்களை அடியில் அடுக்கு, அல்லது முன்விளிம்பைத் தூக்கி முகம் மேலே பார்க்கும்படி சாய்த்து வை. தூக்கி வைப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. மேசைப் பலகையில் பட்டுத் தெறிக்கும் சத்தம் நேராக வரும் சத்தத்தோடு கலந்து குரலை அடைத்துவிடும். தூக்கினால் அது குறையும். பெட்டிக்கும் புத்தகத்துக்கும் நடுவே கொஞ்சம் ஸ்பாஞ்ச் வைத்துவிட்டால் மேசையே கூடச் சேர்ந்து அதிராது.

பின்பக்கம் காற்றுத் துளை இருக்கும் பெட்டியைச் சுவரோடு ஒட்டிவைக்காதே, ஒரு சாண் இடமாவது விடு. மூலையில் வைத்தால் சுவர்கள் சேர்ந்து பேஸை ஊதிப் பெரிசாக்கிவிடும், எல்லாப் பாட்டும் குடத்துக்குள்ளிருந்து பாடுவதுபோல இருக்கும். இடமே இல்லை, ஒட்டித்தான் வைக்க வேண்டும் என்றால் துளை முன்பக்கம் உள்ளதாகப் பார்த்து வாங்கு, பேஸ் திருகைக் கொஞ்சம் குறைத்துக்கொள்.

வைத்து முடித்ததும் ஒரே ஒருவர் பாடும், பின்னணி வாத்தியம் குறைவாக உள்ள பாட்டைப் போடு. கண்ணை மூடிக் கேள். குரல் இடது பெட்டியிலிருந்தும் வரக் கூடாது, வலது பெட்டியிலிருந்தும் வரக் கூடாது. ஒன்றுமே இல்லாத நடு இடத்தில், திரைக்குக் கொஞ்சம் பின்னால், ஒரு ஆள் நின்று பாடுவதுபோல இருக்க வேண்டும். ஆலன் ப்ளம்லைன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1931-லேயே ஸ்டீரியோவுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். இரண்டு பெட்டியை வைத்து நடுவில் ஆளை நிறுத்தும் இந்த வித்தை அந்தக் காலத்திலிருந்தே வருவது. எத்தனையோ முறை கேட்டும் எனக்கு அலுக்கவில்லை. குரல் ஒரு பக்கம் சாய்ந்தால் ஒரு ஸ்பீக்கர் கிட்டே இருக்கிறது, நகர்த்து. குரல் எங்கேயும் நிற்காமல் அறை முழுக்கப் பரவி, பேஸும் காணாமல் போனால், ஒரு பெட்டியின் சிவப்பு கறுப்பு வயர்கள் மாறியிருக்கின்றன. மாற்றிப் போடு, உடனே ஆள் நடுவில் வந்து நிற்பார்.

அப்புறம் பாட்டை நிறுத்திவிட்டு, ஃபேனையும் அணைத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தபடியே கேட்டுப் பார். லேசான "ஸ்ஸ்" தூரத்தில் கரைந்துவிட்டால் பரவாயில்லை. பாட்டை விட்டால் அதுதான் கேட்கிறது என்றால் ராத்திரியில் எரிச்சலாக இருக்கும், திருப்பிக் கொடுத்துவிடு. "ம்ம்ம்" என்ற முனகல் கேட்டால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பார். நின்றுவிட்டால் குற்றம் ஸ்பீக்கரில் இல்லை, எர்த் வழியாக வருவது. இரண்டையும் ஒரே பிளக் பலகையில் செருகினால் பெரும்பாலும் சரியாகும். கம்ப்யூட்டரில் வால்யூமை உயரத்தில் வைத்துவிட்டு, ஸ்பீக்கரின் திருகில் குறைத்துக்கொள்வது நல்லது. இரைச்சல் அடங்கும். ஒலி அமைப்புகளில் எஃபெக்ட், என்ஹான்ஸ்மென்ட் என்று ஏதாவது தானாக ஓடிக்கொண்டிருந்தால் அதையும் அணை.

இரண்டு செட்டை ஒப்பிட்டுக் கேட்க வாய்ப்புக் கிடைத்தால் இரண்டின் சத்தத்தையும் முதலில் சமமாக்கு. கொஞ்சம் உரக்கப் பாடுவது எப்போதும் நன்றாக இருப்பதுபோலத் தோன்றும், விற்பவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். உனக்கு மனப்பாடமான பாட்டுகளையே போடு.

ராத்திரி சத்தத்தைக் குறைத்ததும் பேஸ் காணாமல் போனதுபோல இருக்கும். ஸ்பீக்கர் கெட்டுவிட்டது என்று பயப்படாதே. சத்தம் குறையும்போது நம் காது கீழ் ஸ்தாயியை விட்டுவிடுகிறது. பெல் ஆய்வுக்கூடத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே இதை அளந்து எழுதிவைத்திருக்கிறார்கள். அப்போது பேஸ் திருகை இரண்டு கோடு கூட்டிக்கொள், பகலில் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிடு. வால்யூமைக் கூட்டி அதைச் சரிக்கட்டப் பார்க்காதே. 80 டெசிபெலில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு. நாள் முழுக்க ஹெட்போனில் இருக்கும் உனக்கு அந்தக் கணக்கு சீக்கிரம் தீர்ந்துவிடும். உனக்கு ஸ்பீக்கர் வாங்கித் தர வேண்டும் என்று நான் ஆசைப்படுவதே அதற்காகத்தான்.

பழையது மலிவாகக் கிடைத்தால் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். கூம்பைச் சுற்றியுள்ள வளையத்தை மட்டும் பார். ரப்பராக இருந்தால் பல வருஷம் தாங்கும். ஃபோமாக இருந்தால் விரலால் மெதுவாகத் தொட்டுப் பார், உதிர்ந்தால் விட்டுவிடு.

வாங்குவதற்கு முன்னால் மேசையின் அகலம், சுவரிலிருந்து மேசை முன்விளிம்பு வரை உள்ள ஆழம், உட்கார்ந்தால் மேசையிலிருந்து உன் காது எவ்வளவு உயரம் என்று மூன்றையும் அளந்து அனுப்பு. எந்தப் பெட்டி பொருந்தும், எங்கே வைக்க வேண்டும் என்று படம் போட்டு அனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா