எவ்வளவில் தேறவில்லை என்பதையும் எழுதிக் கொடுங்கள்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். என் கார் உங்கள் நிலையத்தில் பரிசோதனையில் தேறாமல், பணிமனைக்குப் போய் வந்து, மறுபரிசோதனையிலும் தேறாமல், திரும்பவும் பணிமனைக்குப் போய், ஒருவழியாகத் தேறிச் சாலை வரியும் கட்டியாகிவிட்டது. வேலைதான் முடிந்துவிட்டதே, இனி எதற்குக் கடிதம் என்று வீட்டில் கேட்டார்கள். அடுத்த ஆண்டும் இதே பரிசோதனைக்கு வந்தாக வேண்டும், அதனால் எழுதுகிறேன்.

பரிசோதனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மொட்டை டயரோடும் ஒரு பக்கமாக இழுக்கும் பிரேக்கோடும் ஒரு கார் மழை நேரத்தில் விரைவுச்சாலையில் போனால் என்ன ஆகும் என்பது எல்லாருக்கும் தெரியும். மூன்று ஆண்டு வரை பரிசோதனை இல்லை, அப்புறம் பத்தாண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, பத்தைத் தாண்டினால் ஆண்டுதோறும் என்று சிங்கப்பூரின் நிலப் போக்குவரத்து ஆணையம் காரின் வயதைப் பார்த்து வைத்திருக்கும் கணக்கு நியாயமானதுதான். என் கார் பத்தைத் தாண்டியது. காரைப் பத்தாண்டு வைத்திருக்க அனுமதிக்கும் வாகன உரிமைச் சான்றிதழை இன்னும் ஐந்து ஆண்டுக்குப் புதுப்பித்து ஓட்டுகிறேன். அப்பாவால் இப்போது அதிகம் நடக்க முடியாது, மருத்துவமனைக்குச் சக்கர நாற்காலியோடு கூட்டிப் போக வேண்டும், புதிய கார் வாங்கும் நிலையில் நான் இல்லை. பழைய கார் என்பதற்காகச் சாலை வரியில் 10 விழுக்காட்டில் தொடங்கி 50 விழுக்காடு வரை ஏறும் கூடுதல் கட்டணத்தையும் கட்டுகிறேன், அதிலும் எனக்குக் குறையில்லை.

என் குறை உங்கள் நிலையத்தில் கொடுத்த அந்த ஒரு தாளைப் பற்றியது.

தாளில் இரண்டு இடத்தில் குறி போட்டிருந்தது. ஒன்று முன்பக்கச் சன்னல் கண்ணாடியில் வெயிலுக்காக ஒட்டும் நிறப்படலம், இன்னொன்று முகப்பு விளக்கின் திசை. அவ்வளவுதான். எந்தப் பக்கக் கண்ணாடி, எந்த விளக்கு, எவ்வளவு குறைவு, எவ்வளவு கூடுதல் என்று ஒரு எண்கூட இல்லை.

கண்ணாடியை முதலில் சொல்கிறேன். முன் கண்ணாடியும் முன்பக்கச் சன்னல்களும் குறைந்தது 70 விழுக்காடு வெளிச்சத்தை உள்ளே விட வேண்டும், பின்பக்கத்துக்கு 25 போதும் என்பது விதி. அந்த 70 என்பது படலத்துக்கு மட்டும் அல்ல, கண்ணாடியும் படலமும் சேர்ந்து. வெறும் கண்ணாடியே கொஞ்சம் வெளிச்சத்தைத் தடுத்துவிடும் என்பதால் படலத்துக்கு மிஞ்சுவது சிறிய இடைவெளிதான், அதில் ஒன்றிரண்டு எண் இப்படியோ அப்படியோ போவதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. என் காரில் இருப்பது போன ஆண்டு உங்கள் நிலையத்திலேயே தேறிய அதே படலம். உங்கள் ஊழியர் கருவியைக் கண்ணாடியில் வைத்தார், சின்னத் திரையைப் பார்த்தார், தலையை ஆட்டினார். "தம்பி, எவ்வளவு காட்டுது?" என்று கேட்டேன். "பேப்பர்ல வரும்ணே" என்றார். மரியாதையான பிள்ளை, பின்னால் வரிசையாகக் கார்கள் நிற்கும்போது அவர் நின்று பேச முடியாது என்பது எனக்குப் புரிகிறது, அவர்மேல் எந்தப் புகாரும் இல்லை. ஆனால் பேப்பரில் வரவில்லை.

அந்த எண் 69 என்றால் கண்ணாடியை நன்றாகத் துடைத்துவிட்டு மறுபடி அளந்து பார்க்கச் சொல்லிக் கேட்டிருப்பேன். 60 என்றால் படலம் கெட்டுவிட்டது, பேசாமல் உரித்துவிடலாம். எது என்று தெரியாததால் இரண்டு பக்கமும் உரித்தேன். எங்கள் புளோக்கில் கார் நிறுத்துவது மேற்கூரை இல்லாத இடத்தில், மதியம் கதவைத் திறந்தால் உள்ளே அடுப்புப் போல இருக்கும், அதற்காகத்தான் காசு கொடுத்து ஒட்டியது. ஒரு பக்கம் மட்டும்தான் குறைவாக இருந்ததா, இரண்டும் குறைவா என்பது இன்று வரை எனக்குத் தெரியாது.

விளக்கு விஷயம் இதைவிட மோசம். ஊபி வட்டாரத்தில் நான் வழக்கமாகப் போகும் பணிமனையில் அந்தத் தாளைக் காட்டினேன். அங்கிருக்கும் அங்கிள் முப்பது ஆண்டாகக் கார் பார்ப்பவர். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இடதா வலதா, மேலே போகிறதா கீழே போகிறதா என்று கேட்டார். நான் என்ன சொல்வது? கடைசியில் காரைச் சுவருக்கு நேராக நிறுத்தி, விளக்கைப் போட்டு, சுவரில் விழும் வெளிச்சத்தின் விளிம்பைப் பார்த்துக்கொண்டே திருகாணியைத் திருப்பினார். இடது பக்க பல்பு அதன் இருக்கையில் லேசாகச் சாய்ந்திருப்பதாகச் சொல்லி அதையும் கழற்றி மாட்டினார். நல்ல வேலைக்காரர்தான், ஆனால் உங்களிடம் இருப்பது அளவுக் கருவி, அவரிடம் இருப்பது சுவர். மறுபரிசோதனையில் படலம் தேறியது, விளக்கு தேறவில்லை. அப்போதும் தாளில் அதே குறி. அவர் திருப்பியது போதவில்லையா, அளவுக்கு மீறித் திருப்பிவிட்டாரா? அதற்கும் பதில் இல்லை.

இதற்கு நடுவில் சாலை வரி முடியும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அறிவிப்பு வந்ததும் முன்கூட்டியேதான் வந்தேன், ஆனால் ஒவ்வொரு முறையும் வேலையில் விடுப்புக் கேட்டு வர வேண்டியிருக்கிறதே. பரிசோதனையில் தேறாமல் வரியைப் புதுப்பிக்க முடியாது, வரி இல்லாமல் காரைச் சாலையில் எடுத்தால் குற்றம். அப்பாவுக்கு மருத்துவரைப் பார்க்க வேண்டிய நாளில் கார் பணிமனையில் கிடந்தது, டாக்சி பிடித்துப் போனோம்.

மறுபரிசோதனைக் கட்டணம், பணிமனைக் கூலி, படலத்துக்கான காசு எல்லாம் என் பையிலிருந்து போனவை. காரில் உண்மையாகவே குறை இருந்தால் அதற்குச் செலவு செய்வது என் பொறுப்பு, அதில் வழக்கு இல்லை. குறை என்னவென்று தெரியாததால் ஆன செலவை நான் ஏன் சுமக்க வேண்டும்?

தொலைபேசியில் கேட்டபோது, விதிகளின்படிதான் சோதிக்கிறோம், பணிமனையைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொன்னார்கள். பணிமனை உங்களைக் கேட்கச் சொல்கிறது. அளவுகள் உங்களிடம் இல்லாமலும் இல்லை. கருவி எண்ணைக் காட்டுவதை என் கண்ணாலேயே பார்த்தேன், முடிவும் கணினி வழியாகத்தான் ஆணையத்துக்குப் போகிறது. தேறியதா இல்லையா என்று அச்சடிக்கும் அதே தாளில் பக்கத்தில் இரண்டு எண்ணைச் சேர்த்து அச்சடிக்க என்ன தடை என்று எனக்கு விளங்கவில்லை.

நான் கேட்பது இதுதான். தேறாத ஒவ்வொன்றுக்கும் அளந்தது எவ்வளவு, இருக்க வேண்டியது எவ்வளவு என்று தாளில் எழுதுங்கள். விளக்கு என்றால் இடதா வலதா, மேலா கீழா என்றும், கண்ணாடி என்றால் எந்தப் பக்கம் என்றும் சேர்த்து எழுதுங்கள். பிரேக்குக்கும் அப்படியே, எந்தச் சக்கரம் குறைவாகப் பிடிக்கிறது என்று உருளையில் ஏற்றிப் பார்க்கும் உங்களுக்குத்தானே தெரியும். தாளை மாற்ற நாளாகும் என்றால் அதுவரை கேட்பவர்களுக்காவது சேவை முகப்பில் எண்ணைச் சொல்லச் சொல்லுங்கள். காரைப் பற்றி ஒன்றும் தெரியாத, பணிமனைக்காரர் சொல்வதையெல்லாம் மாற்றிக் காசு கொடுத்துவிட்டு வரும் வயதானவர்களும் உங்கள் வரிசையில் நிற்கிறார்கள், அவர்களுக்கு அந்த எண் என்னைவிட அதிகம் தேவை.

என் காரின் மூன்று பரிசோதனைகளிலும் பதிவான படலம், விளக்கு அளவுகளை எனக்கு மின்னஞ்சலில் அனுப்பிவையுங்கள். முதல் தாளில் விவரம் இல்லாததால் கட்ட நேர்ந்த இரண்டாவது மறுபரிசோதனைக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். தர முடியாது என்றால் காரணத்தை எழுத்தில் தாருங்கள், அதை வைத்து ஆணையத்துக்கு எழுதுவேன். காரின் எண்ணும் ரசீதுகளின் படங்களும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்