உயில் எழுதாத தாத்தா

ராலே, வட கரோலினா

அன்புள்ள கலா,

உன் கடிதம் வந்தது. பேத்தி பிறந்த சேதியைப் படித்து எங்கள் வீட்டிலும் பாயசம் வைத்தோம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலம் மட்டும் போதாது, டாக்டரிடம் காட்டு.

இங்கே பொழுது எப்படிப் போகிறது என்று கேட்டிருந்தாய். பக்கத்து நூலகத்தில் மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை ஆவணப்படம் போடுகிறார்கள். எல்லாமே கறுப்பின மக்களின் நிலம், அவர்கள் ஊரின் காற்று, தண்ணீர் பற்றியவை. படம் முடிந்ததும் நாற்காலிகளை வட்டமாக இழுத்துப் போட்டுப் பேசுவார்கள். எனக்குப் படத்தைவிட அந்தப் பேச்சுதான் பிடித்திருக்கிறது.

போன மாதம் போட்டது ரவுல் பெக் 2023இல் எடுத்த 'சில்வர் டாலர் ரோடு'. இதே மாநிலத்தில், கடலோரக் கார்டரெட் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) நடந்த கதை. ஆயுசு முழுக்கப் பதிவு அலுவலகத்தில் உட்கார்ந்தவள் நீ, உனக்கு உடனே பிடிபடும். ரீல்ஸ் குடும்பத்துக்கு அங்கே 65 ஏக்கர், தண்ணீரை ஒட்டி. அடிமை முறை ஒழிந்து ஒரு தலைமுறைக்குப் பிறகு வாங்கிய நிலம். தாத்தா 1970இல் உயில் எழுதாமலே இறந்துபோனார். வெள்ளைக்காரர்களின் கோர்ட்டை அவர் நம்பவில்லை. பிள்ளைகள் எல்லோருக்கும் பொதுவாக இருந்தால் யாராலும் பிடுங்க முடியாது என்று நினைத்தார். அந்தப் பொதுவே வினையாகிவிட்டது. தாத்தாவின் சகோதரர் ஒருவர் கரையோரப் பகுதி தனக்குத்தான் என்று பத்திரம் பெற்றார். அது கைமாறி ஒரு ரியல் எஸ்டேட் கம்பெனிக்குப் போனது. அங்கே குடியிருந்த இரண்டு பேரன்களும் வீட்டைக் காலி செய்ய மறுத்தார்கள். கோர்ட் அவமதிப்பு என்று 2011இல் சிறையில் போட்டார்கள். குற்ற வழக்கு ஒன்றுகூடக் கிடையாது, ஆனால் வெளியே வந்தது 2019இல்!

உயில் இல்லாமல் இறங்கிவரும் இந்த மாதிரிச் சொத்தை இங்கே வாரிசுச் சொத்து என்கிறார்கள். அதில் ஒரு பங்காளி, எங்கோ டெட்ராய்ட்டிலோ நியூயார்க்கிலோ இருப்பவர், தன் பங்கை வெளியாளுக்கு விற்றால் போதும். வாங்கினவர் கோர்ட்டுக்குப் போய் மொத்த நிலத்தையும் ஏலத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். 1910 வாக்கில் கறுப்பின விவசாயிகளிடம் ஒன்றரைக் கோடி ஏக்கருக்கு மேல் இருந்ததாம். அதில் பெரும்பகுதி போய்விட்டது. மிரட்டலில் போனது உண்டு, வங்கியும் அரசாங்கமும் கடன் தராமல் போனது உண்டு, இப்படிக் காகிதத்தில் போனதும் நிறைய. அப்புறம் 2010இல் ஒரு மாதிரிச் சட்டம் வரைந்தார்கள். நிலத்தை ஏலத்தில் விடச் சொல்லி ஒருவர் கோர்ட்டுக்குப் போனால், முதலில் நிலத்தை மதிப்பிட்டு, மற்ற பங்காளிகள் அவர் பங்கை வாங்கிக்கொள்ள வாய்ப்புத் தர வேண்டும். இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் அதை ஏற்றிருக்கின்றன.

படம் முடிந்ததும் மாநிலத்தின் கிழக்குப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் எழுந்தார். சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறை ஒன்றை எடுத்தார். உள்ளே வருஷ வாரியாக மடித்த வரி ரசீதுகள், விளிம்பெல்லாம் பழுப்பேறி. "நான்தானே கட்டுகிறேன், அப்போது நிலம் என்னுடையதுதானே?" என்றார். யாரும் வாய் திறக்கவில்லை. உன் மேஜைக்கு முன்னாலும் எத்தனை பேர் இதையே கேட்டிருப்பார்கள்! நல்ல வேளையாக, இலவச சட்ட உதவிக்காரர்கள் பின்னால் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஓர் இளம்பெண் வக்கீல் அவரைக் கூட்டிப்போய்ப் பங்காளிகள் பெயரை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டாள். நான் கிளம்பும்போதும் பட்டியல் முடியவில்லை. அந்த மேஜை இல்லாமல் படம் மட்டும் போட்டிருந்தால், எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்போம், அவ்வளவுதான்.

அதற்கு முந்தைய மாதம் வாரன் கவுண்டி கதை. இங்கிருந்து ஒரு மணி நேரக் கார்ப் பயணம். நச்சு எண்ணெய் கலந்த மண்ணைக் கொட்ட, கறுப்பின மக்கள் அதிகமுள்ள ஏழை ஊரை அரசாங்கம் பார்த்து எடுத்தது. 1982இல் லாரிகளுக்குக் குறுக்கே ஜனங்கள் படுத்தார்கள், ஐந்நூறுக்கு மேல் கைது. மண்ணைக் கொட்டியே தீர்த்தார்கள். ஆனால் சுற்றுச்சூழல் நீதி என்று இன்று பேசுகிறவர்கள் அங்கிருந்துதான் கணக்கைத் தொடங்குகிறார்கள்.

சரி, இப்போது உன்னிடம் ஒரு வேலை. அடுத்தது ஜார்ஜியாவின் அல்பனி பக்கத்துப் படம். சார்லஸ் ஷெராட், ஷெர்லி ஷெராட் தம்பதியும் கூட்டாளிகளும் 1969இல் ஏறக்குறைய 5,700 ஏக்கரை ஒரே அறக்கட்டளையின் பெயரில் வாங்கினார்கள். குடும்பங்கள் பயிர் செய்யலாம், யாரும் தனியாக விற்க முடியாது. வறட்சி வந்தது, அவசரக் கடன் வேளாண்துறையிடமிருந்து நேரத்துக்கு வரவில்லை, 1985இல் நிலம் போய்விட்டது. பிறகு அந்தத் துறை பாகுபாடு காட்டியதற்கு நஷ்டஈடு கிடைத்து, ஒரு காலத்தில் பெரிய அடிமை முதலாளி வைத்திருந்த 1,600 ஏக்கர் பண்ணையை வாங்கினார்கள். அந்த அறக்கட்டளை யோசனைக்கு வித்திட்டவர்களில் ஒருவர் ராபர்ட் ஸ்வான். அவர் வினோபா பாவேயின் கிராமதானத்திலிருந்தும், அதாவது நிலத்தை ஊருக்கே பொதுவாகக் கொடுத்துவிடும் இயக்கத்திலிருந்தும், எடுத்துக்கொண்டவர் என்று தெரிந்ததும் எனக்கு உன் அப்பா ஞாபகம்தான் வந்தது. அதை வட்டத்தில் சொல்லித் தொலைத்தேன். இப்போது அடுத்த முறை கிராமதானம் பற்றிப் பத்து நிமிஷம் பேசச் சொல்கிறார்கள்.

உன் அப்பா நிலதானம் கேட்டு வத்தலக்குண்டுப் பக்கம் சர்வோதயத் தம்பதி ஜெகந்நாதன், கிருஷ்ணம்மாளோடு நடந்தவர். அவர் வைத்திருந்த நோட்டுப் புத்தகங்கள் பரணில் இருந்தால், தேடிப் பக்கங்களைப் படம் பிடித்து அனுப்பு. நிலம் கொடுத்தவர்கள் பிற்பாடு திருப்பிக் கேட்டார்களா, பட்டா யார் பெயரில் நின்றது, இதெல்லாம் எனக்கு வேண்டும். புகழ்ந்து மட்டும் பேசினால் அந்த வக்கீல் பெண் கேள்வி கேட்டே கொன்றுவிடுவாள்.

பேத்திக்கு என்ன பெயர் வைத்தீர்கள், எழுது.

அன்புடன்,
மீனா