தைப் பனிக்கு ஐப்பசியிலேயே ஆயத்தமாக வேண்டும்: மலைநாட்டு நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

நுவரெலியா மாவட்டத் தேயிலைத் தோட்ட முகாமையாளர்களுக்கும், விவசாயம், வானிலை, அனர்த்த முகாமைத்துவம் பார்க்கும் அரச உத்தியோகத்தர்களுக்கும்,

வணக்கம்.

தை பிறந்தால் உறைபனியில் வெள்ளை பூத்த புல்வெளியின் படம் பத்திரிகைகளில் வந்துவிடும். அதைப் பார்க்க ஊரே நுவரெலியாவுக்கு ஏறும். அதே காலையில் பள்ளத்து மலைகளில் (தோட்டத்தில் தேயிலை நிற்கும் நிலத்தை மலை என்போம்) கொழுந்து கருகிக் கிடப்பதை யாரும் படம் எடுப்பதில்லை.

இமயத்தில் பனிப்பாறை உருகுவதும் உறைநிலம் இளகுவதும் அங்குள்ள ஊர்களின் தண்ணீர், பாதை, மின்சாரம் எல்லாவற்றையும் ஆட்டி வைக்கின்றன. 2021 பெப்ரவரி 7 அன்று இந்தியாவின் உத்தரகாண்டில் உள்ள சமோலியில் பாறையும் பனியும் சேர்ந்து சரிந்து இரண்டு நீர்மின் திட்டங்களைச் சிதைத்தன. நம் பனி அந்தக் கணக்கில் சேராது. இலங்கையின் மிக உயர்ந்த மலையான பீதுருதலாகலையின் உச்சியே 2,524 மீற்றர்தான். வெயில் ஏறினால் பனி போய்விடும். ஆனால் அந்தச் சில மணித்தியாலத்தில் பல வாரக் கொழுந்து போய்விடுகிறது. சராசரி வெப்பம் கூடுகிறதே, இனிப் பனி எங்கே என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். செடியைக் கருக்குவது ஆண்டுச் சராசரி அல்ல. மேகமும் காற்றும் ஈரமும் இல்லாத ஒற்றை இரவு.

முதலில் வெப்பமானி. வானிலை நிலையத்துக் கூண்டு தரையிலிருந்து ஒன்றேகால் முதல் இரண்டு மீற்றர் உயரத்தில் நிற்கிறது. தெளிந்த இரவில் புல் மட்டத்துக் குளிர் அதைவிடச் சில பாகை கீழே போகும். கூண்டில் 4 பாகை என்று அறிவித்த இரவில் தரையில் பனி பிடிப்பது அதனால்தான். ஆகவே எச்சரிக்கை கூண்டு அளவோடு நிற்கக் கூடாது; புல் மட்ட அளவும் சேர்ந்து, முதல் நாள் பின்னேரம் நாலு மணிக்குள் தோட்டத்துக்குத் தமிழில் வர வேண்டும். தோட்டங்களும் ஆபீஸ் வாசலில் வெப்பமானியைத் தொங்கவிட்டுப் பயனில்லை. கடந்த வருடங்களில் கருகிய பள்ளத்தில், செடியைக் குறைத்து வெட்டும் கவ்வாத்துத் தட்டு உயரத்தில், மேலே மூடி எதுவும் இல்லாமல் வையுங்கள்.

குளிர்ந்த காற்று பாரமானது. தண்ணீர் மாதிரி சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். மலையின் அடியில் யூகலிப்டஸோ சைப்பிரஸோ நெருக்கமாக நட்டிருந்தால் அந்த வரிசையே அணைக்கட்டாகிவிடுகிறது. காற்றுத் தடுப்பு வேண்டும் என்று நட்டது, தையில் குளிரைப் பிடித்து வைக்கிறது. முழு வரிசையையும் வெட்டத் தேவையில்லை. காற்று இறங்கும் தாழ்ந்த மூலையில் ஒரு வாசல் திறந்து, மற்ற மரங்களின் கீழ்க் கிளைகளைக் கழித்துவிட்டால் போதும். தேயிலைக்குள் நிற்கும் சவுக்கு (கிரெவிலியா) நிழல் மரங்களை மட்டும் பனிப் பள்ளங்களில் மொட்டையடிக்காதீர்கள். தரையின் சூடு வானத்துக்குப் போவதை ஓரளவு மறிப்பது அந்த இலைக் கூரைதான்.

அடுத்தது கவ்வாத்து, அதிகம் தவறுவது இங்கேதான். ஐப்பசி, கார்த்திகையில் கவ்வாத்து வெட்டிய மலையில் தை மாதம் இளந்துளிர் நிற்கும். மூத்த இலை தாங்கும் குளிரைத் துளிர் தாங்காது. பள்ளத்து மலைகளைப் பனிக்காலம் கழிந்த பிறகு வெட்டுங்கள், அல்லது தைக்குள் துளிர் முற்றும்படி முன்கூட்டியே வெட்டி முடியுங்கள். நைதரசன் உரத்தையும் மார்கழியில் அங்கே போடாதீர்கள். மேட்டு மலைகளுக்கு இந்தக் கட்டுப்பாடு வேண்டாம். ஒரே தோட்டத்துக்கு ஒரே அட்டவணை என்ற பழக்கம்தான் மாற வேண்டும்.

மண் விஷயத்தில் ஒரு சங்கடம் உண்டு. மானாப் புல் மூடாக்கு மண்ணின் ஈரத்தைக் காக்கும், அரிப்பைத் தடுக்கும். ஆனால் பகலில் மண்ணுக்குள் சூடு இறங்கவும் விடாது, இரவில் வெளியே வரவும் விடாது. அதனால் மூடாக்கின் மேலே செடி இன்னும் குளிர்கிறது. தட்டையான பனிப் பள்ளத்தில் மட்டும் பனிக்காலத்து ஆறேழு வாரம் மூடாக்கை வரிசை ஓரமாக ஒதுக்கி, மண்ணை நனைத்து வையுங்கள். சரிவில் தொடவே வேண்டாம்.

மரக்கறித் தோட்டத்தில் தண்ணீர் தெளிப்பது பலன் தரும், ஒழுங்காகச் செய்தால். தண்ணீர் உறையும்போது ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 80 கலோரி சூடு வெளிவரும். செடியைக் காப்பது அதுதான். மணிக்கு 3 மில்லிமீற்றர் தெளித்தால் 20 பேர்ச்சஸ் (சுமார் 500 சதுர மீற்றர்) நிலத்துக்கு மணிக்கு சுமார் 1,500 லீற்றர், ஆறு மணித்தியாலத்துக்கு 9,000 லீற்றர். இலை மட்டம் பூச்சியத்துக்கு வரும் முன்பே தொடங்கி, பனி முழுக்க உருகும்வரை நிறுத்தாமல் ஓட வேண்டும். இடையில் பம்பு நின்றால் தெளிக்காமல் இருந்ததைவிட நட்டம்: நனைந்த இலையில் தண்ணீர் ஆவியாகும்போது, உறையும்போது கொடுத்த சூட்டைப் போல ஏழு மடங்குக்கு மேல் பிடுங்கிக்கொள்ளும். டாங்கியும் மேலதிக எரிபொருளும் இல்லாதவர்கள் கரட், உருளைக்கிழங்குப் பாத்திகளைச் சாக்காலோ வைக்கோலாலோ இரவில் மூடுவதே நல்லது. பொலித்தீன் என்றால் இலையில் படாமல் வில்லு வளைத்துப் போடுங்கள். பட்ட இடம் கருகும்.

குப்பை கொளுத்திப் புகை போடச் சொல்வதை நிறுத்துங்கள். தரையிலிருந்து போகும் சூட்டைப் புகை மறிப்பது மிகக் கொஞ்சம். அந்த மாதங்களில் மலைச் சரிவுப் பத்தனைப் புல் காய்ந்து கிடக்கிறது. மலை பற்றிக்கொண்டால் யார் அணைப்பது?

பனி பட்ட மறுநாளே கத்தி எடுக்காதீர்கள். எதுவரை செத்தது என்று அன்றைக்குத் தெரியாது. இன்னும் பனி வரலாம். கருகிய இலை கீழ்க் கிளைக்கு மூடியாகவும் இருக்கும். மாசி கழியட்டும். பிறகு பட்டையை நகத்தால் கீறி, பச்சை தெரியும் இடத்துக்கு இறங்கி வெட்டுங்கள். கருகிய கொழுந்தை மற்றக் கொழுந்தோடு கலந்து பெக்டரிக்கு அனுப்பவும் கூடாது.

கடைசியாகச் சம்பளம். கருகிய மலையில் கிலோ வராது. கிலோ வராவிட்டால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம். பனி விழுந்ததற்குக் கொழுந்து எடுப்பவர் பொறுப்பல்ல. பனி பட்ட மலைகளின் பெயரை அன்றே பதிந்து, அந்த ஆட்களைக் கான் (வடிகால்) துப்புரவுக்கும் நாற்றுமேடைக்கும் முழுப்பேரோடு அனுப்ப ஏற்பாடு வேண்டும். மரக்கறிக்காரர்களின் சேதத்தையும் நாலைந்து நாளுக்குள் நேரில் வந்து பதியுங்கள். அதற்குமேல் கருகிய செடியைப் பிடுங்கி அடுத்த போகத்துக்குக் கொத்திவிடுவார்கள், காட்ட எதுவும் இருக்காது. இதற்கான படிவமும் பொறுப்பான உத்தியோகத்தரின் தொலைபேசி இலக்கமும் கார்த்திகை முடியும் முன்பே ஒவ்வொரு டிவிசனிலும் காலையில் ஆட்கள் கூடும் பிரட்டுக்களத்தில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
மலைநாட்டுத் தேயிலை, மரக்கறி வெளிக்கள வேலையில் உள்ளோர்