பணத்தால் கூடாத வேகம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காட்பாடியில் வீட்டிலிருந்தே சென்னை அலுவலகத்துக்கு வேலை செய்கிறேன். அலுவலக வலையமைப்போடு பாதுகாப்பாக இணைக்கும் விபிஎன் போட்டதும் மின்னஞ்சல்களின் தலைப்புகள் உடனே வந்துவிடும். ஆனால் இணைத்த கோப்பு மட்டும் பாதியில் நின்று சுற்றிக்கொண்டே இருக்கும். கூடுதல் வேகத் திட்டத்துக்கு மாறச் சொன்னார்கள். மாறினேன், பணம்தான் போனது.

கோளாறு வேகத்தில் அல்ல, தரவைத் துண்டு துண்டாகச் சுமந்து செல்லும் பொட்டலத்தின் அளவில் இருந்தது. ஈதர்நெட் எனும் கம்பிவழி வலையமைப்பில் ஒரு பொட்டலம் 1500 பைட் வரை செல்லலாம். பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணையும் பிபிபிஓஇ இணைப்பில் அது 1492 ஆகச் சுருங்குகிறது. எங்கள் அலுவலகத்து விபிஎன் ஆன வயர்கார்டு அமைக்கும் சுரங்கமோ 1420 பைட் பொட்டலத்தின்மீது, ஐபிவி6 என்ற இணைய முகவரி முறை வழியாகச் செல்கையில், 80 பைட் உறையைப் போர்த்துவதால் மொத்தம் மீண்டும் 1500 ஆகிவிடுகிறது. 1492-ஐவிட வெறும் எட்டு பைட்தான் அதிகம்! பொட்டலம் பெரிதென்று திரும்பிவரும் ஐசிஎம்பி அறிவிப்பை வழியிலுள்ள பாதுகாப்புத் தடுப்பான ஃபயர்வால் தடுத்துவிட்டால், அனுப்பிய கணினி ஒன்றும் அறியாமல் அதையே மறுபடியும் அனுப்பிக்கொண்டிருக்கும். சிறு பொட்டலங்கள் மட்டும் தப்பிவிடும்.

ஒரு பொட்டலத்தின் உச்ச அளவான எம்டியுவை 1400 ஆகக் குறைத்த அன்றே, முந்தைய நாள் முழுக்க இறங்காத கோப்பு காபி ஆறுவதற்குள் இறங்கியது. இணைப்பு தருவோர் இந்த அளவையும் ரசீதிலேயே அச்சிட்டுத் தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்