திருட்டு நேரலைத் தளங்கள் பற்றிப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். தேர்வு நெருங்கும் நேரம்தான். ஆனாலும், உரிமை இல்லாமல் ஆட்டங்களையும் படங்களையும் காட்டும் திருட்டு நேரலைத் தளங்கள் பற்றிப் பேசுவதைத் தள்ளிப்போட எனக்கு மனம் வரவில்லை.

இரண்டு வாரங்களுக்கு முன், ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் பாடத்தில் மனம் செல்லாமல் உட்கார்ந்திருக்கிறான் என்று வகுப்பாசிரியர் சொன்னார். கூப்பிட்டுப் பேசினேன். வெகு நேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தவன், பிறகு அழுதுவிட்டான். கால்பந்து ஆட்டம் பார்க்க அம்மாவின் போனில் அப்படிப்பட்ட ஒரு தளத்தின் லிங்க்கைத் திறந்திருக்கிறான். ஒரு ஆப்பை இறக்கினால்தான் ஆட்டம் ஓடும் என்றிருக்கிறது, இறக்கியிருக்கிறான். எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்டிருக்கிறது, கொடுத்திருக்கிறான். ஆட்டம் ஓடவேயில்லை. அன்றிலிருந்து அந்தப் போனில் ஆபாசப் படங்களும் சூதாட்ட விளம்பரங்களும் தானாக வந்துகொண்டே இருந்தன. "வீட்ல சொன்னா அடிப்பாங்க டீச்சர்" என்றான். ஒன்பது நாள் அந்தப் பிள்ளை இதை நெஞ்சுக்குள்ளேயே வைத்துப் புழுங்கியிருக்கிறான்.

அன்று மாலையே அவன் பெற்றோர் வந்தார்கள். ஆப்பை நீக்கினோம். வங்கியின் ஓடிபி எண்ணும் எஸ்எம்எஸ்ஸில்தான் வரும் என்பதால், வேறொரு போனிலிருந்து வங்கிக் கடவுச்சொல்லை மாற்றினார்கள். நல்லவேளை, பணம் எதுவும் போகவில்லை. அவர்கள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

"இந்தத் தளங்களைத்தான் முடக்கிக்கொண்டே இருக்கிறார்களே, டீச்சர்?" என்று அந்தத் தந்தை கேட்டார். நியாயமான கேள்வி. நீதிமன்றம் உத்தரவிட்டால் இணையச் சேவை நிறுவனங்கள் அந்த முகவரியைத் திறக்க விடாது. ஆனால் தளம் எங்கோ ஒரு சர்வரில் அப்படியே இருக்கும். பெயரில் ஓர் எழுத்தை மாற்றிக்கொண்டு திரும்ப வந்துவிடும். அதனால்தான் 2019இல் டெல்லி உயர் நீதிமன்றம், இப்படி முளைக்கும் நகல் தளங்களைப் புதிய வழக்கு இல்லாமலே தடைப் பட்டியலில் சேர்க்க வழி செய்தது. இத்தாலியில் 2024இல் வந்த ஏற்பாட்டின்படி, திருட்டு நேரலை பற்றிப் புகார் வந்தால் 30 நிமிடத்துக்குள் முடக்க வேண்டும். அந்த வேகத்தில் அதே ஆண்டு அக்டோபரில் கூகுள் டிரைவையே சில மணி நேரம் தவறுதலாக முடக்கிவிட்டார்கள். பாடக் குறிப்புகளை அதில் சேர்த்து வைத்திருக்கும் எங்களுக்கு அது எவ்வளவு பெரிய இடைஞ்சல் என்று தெரியும்.

தடையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எத்தனையோ பேர் உழைத்து எடுத்ததைத் திருடி விற்பவர்களைத் தடுக்கத்தான் வேண்டும். என் கவலை, தடைக்குப் பிறகு நடப்பது பற்றி. வழக்கமான முகவரி திறக்காவிட்டால் பிள்ளை சும்மா இருப்பதில்லை, தேடுகிறான். முடக்கப்பட்ட தளத்தின் பெயரைச் சூட்டிக்கொண்ட போலிகள் அவன் கையில் சிக்குகின்றன. சிலவற்றில் படமே கிடையாது. ஆளைப் பிடிப்பதற்காகவே வைத்தவை. இல்லையென்றால் யாரோ சொன்ன இலவச விபிஎன் ஒன்றை, அதாவது தடையைச் சுற்றிப்போக வழி செய்யும் ஆப்பை, போட்டுக்கொள்கிறான். அப்போது அவன் எந்தெந்தத் தளத்துக்குப் போகிறான் என்பதெல்லாம், யாரென்றே தெரியாத ஒருவரின் சர்வர் வழியாகப் போகிறது.

ஒன்பதாம் வகுப்பில் இதைப் பற்றிப் பேசியபோது, "லிங்க் எங்கிருந்து கிடைக்கிறது?" என்று கேட்டேன். டெலிகிராம் என்பார்கள் என்று நினைத்தேன். பல பிள்ளைகள் "எங்க ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்ல" என்றார்கள். மனம் கனத்துப்போனது. பெரியவர்கள் நாமே கூடத்தில் உட்கார்ந்து திருட்டுப் பிரதி பார்த்துவிட்டு, பிள்ளையிடம் மட்டும் தப்பு என்றால் அவன் எப்படி நம்புவான்? தயவுசெய்து அந்த லிங்க்குகளை அனுப்பாதீர்கள். வந்தாலும் திறக்காதீர்கள்.

இன்றிரவே போனின் அமைப்புகளில் இரண்டைப் பாருங்கள்: பிரௌசர் வழியாக ஆப் நிறுவ அனுமதி இருக்கிறதா, எந்தெந்தத் தளங்களுக்கு நோட்டிபிகேஷன் அனுப்ப அனுமதி இருக்கிறது. தெரியாத பெயர் இருந்தால் நீக்கிவிடுங்கள். தெரியாத ஆப்புக்கு எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கொடுத்திருந்தால் உடனே வங்கிக்குச் சொல்லுங்கள்.

பிள்ளை தானாக வந்து "இப்படி ஆகிவிட்டது" என்று சொன்னால், அன்று மட்டுமாவது அடிக்க வேண்டாம், போனைப் பிடுங்க வேண்டாம். முழுவதையும் சொல்லி முடிக்க விடுங்கள்.

வரும் சனிக்கிழமை காலை 10 மணி முதல் கணினி அறை திறந்திருக்கும். சந்தேகம் இருப்பவர்கள் போனோடு வாருங்கள். கணினி ஆசிரியரும் நானும் இருப்போம். பிள்ளையையும் அழைத்து வரலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்