பனங்காயை எண்ணச் சொன்ன மாப்பிள்ளைக்கு

அன்புள்ள மாப்பிள்ளை,

திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவே பனந்தோப்பில், ஒளித்த டப்பாவை ஜி.பி.எஸ். வைத்துத் தேடும் ஜியோகேச்சிங் விளையாட்டுக்காக நீ வைத்த டப்பாவைப் பொங்கல் முடிந்த மறுவாரம் எடுத்துவிட்டேன். கூடவே ஒரு சண்டையும் இருக்கிறது.

புதிர் நல்ல புதிர்தான். வரைபடத்தில் காட்டும் புள்ளி பொய், விடையைப் போட்டால்தான் நிஜ இடம் வரும். நம்ம ஊருக்கு இது பழைய வித்தை. திருவொற்றியூரில் தான் மணக்க இருந்த சங்கிலியாரிடம் 'உன்னைப் பிரியேன்' என்று சத்தியம் செய்யப் போகும்போது, நீ சன்னதியை விட்டு மகிழ மரத்தடியில் போய் இரு என்று சுந்தரர் சிவனிடமே பேசி வைத்தார். சிவனோ சங்கிலியார் கனவில் வந்து, மகிழடியிலேயே சத்தியம் கேள் என்று போட்டுக் கொடுத்துவிட்டார்.

சரி, உன் புதிருக்கு வருவோம். தீர்க்கரேகையை டிகிரி, நிமிடம், நிமிடத்தின் மூன்று தசம இலக்கம் என்று எழுதுகிறோம். அதில் முதல் தசம இலக்கத்துக்கு உன் கேள்வி, 'தோப்பில் காய்க்கும் மரங்கள் எத்தனை?' அங்கேதான் மாட்டினேன். நீ எண்ணியது சித்திரையில், குலை குலையாக நுங்கு தொங்கும்போது. நான் போனது தை மாதம். ஒரு மரத்திலும் காய் இல்லை. பழைய குலைக்காம்பு ஒட்டியிருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்தே கழுத்து பிடித்துக்கொண்டது. குத்துமதிப்பாக ஆறு என்று போட்டேன். அந்த இலக்கத்தில் ஒன்று கூடினால் நம்ம சென்னையில் கிழக்கே 180 மீட்டர் தள்ளிப்போகும். 180 மீட்டர் கிழக்கே என்ன இருக்கிறது? கடல்.

கடைசி தசம இலக்கம், ஒரு நுங்குக்கு எத்தனை கண் என்பது. மூன்று என்று நினைத்திருப்பாய், இரண்டு கண் நுங்கும் உண்டு, ஒற்றைக் கண்ணும் உண்டு. அது பரவாயில்லை. அங்கே ஒன்று தப்பினால் 1.8 மீட்டர்தான், கையை நீட்டினால் எட்டும்.

காப்பாற்றியது ரோட்டோரம் பனங்கிழங்கு விற்ற ஆயா. "அது ஆம்பள மரம் நைனா, பூக்கும், காய்க்காது" என்று கையைக் காட்டினார். ஆறு ஐந்தானது.

2000 மே தொடக்கம் வரை அமெரிக்க அரசு ஜி.பி.எஸ். சிக்னலில் வேண்டுமென்றே பிழை கலந்து வைத்திருந்தது. மே 2 அன்று அதை நிறுத்தினார்கள். மறுநாளே ஒரிகன் மாநிலத்தில் ஒருவர் ஒரு பக்கெட்டை ஒளித்து வைக்க, ஜியோகேச்சிங் பிறந்தது. அவர்கள் எடுத்த பிழையை நீ திரும்ப வைத்திருக்கிறாய். 'சித்திரை முதல் ஆனி வரை மட்டும்' என்று ஒரு வரி சேர்த்துவிடு.

அப்புறம், டப்பாவை மட்டை இடுக்கிலிருந்து எடு. கருக்கு கிழித்து என் உள்ளங்கையில் இன்னும் தழும்பு. பக்கத்துச் சுவர்ப் பொந்து போதும். மரத்தில் ஆணி மட்டும் அடித்துவிடாதே.

டப்பாவைத் திறந்ததும் ஆயாவும் எட்டிப் பார்த்தார். ஒரு கோலிக்குண்டு, ஒரு ரூபாய், ஒரு குட்டி நோட்டு. "இதுக்கா இவ்ளோ நேரம்?" என்றார். நோட்டில் கையெழுத்துப் போட்டேன். கோலியை எடுத்துக்கொண்டு பதிலுக்கு ஒரு பனங்கிழங்கு வைக்கப் பார்த்தேன், தின்பண்டம் வைக்கக் கூடாது என்பது விதியாம். அந்த முதல் பக்கெட்டிலேயே ஒரு பீன்ஸ் டின் இருந்ததே, அதற்கு என்ன சொல்கிறாய்?

மாமா